முற்றும் எச்சமும்: மென்பொருள் பணி முடிந்ததெனத் துணிவது எவ்வாறு?

வினைச்சொல்லைக் கற்பிக்கத் தொடங்கும் தமிழாசிரியர் எவரும் முற்று, எச்சம் என்னும் பாகுபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவர். 'வந்து' என்று சொல்லி நிறுத்தினால், கேட்கும் மாணவன் அடுத்த சொல்லை எதிர்பார்த்து ஆசிரியர் முகத்தையே நோக்குகிறான். 'வந்தான்' என்றவுடன் அந்த எதிர்பார்ப்புத் தீர்ந்துவிடுகிறது. வந்தவன் எங்கிருந்து வந்தான், எதன்பொருட்டு வந்தான், எப்போது மீள்வான் என்பன எல்லாம் சொல்லப்படாமலே இருக்கலாம். ஆயினும் தொடர் நிறைவு பெற்றுவிட்டது. சொல்லுவதற்கு இனி ஒன்றுமே இல்லை என்னும் நிலையில்தான் தொடர் முடியும் என்றால், உலகில் ஒரு தொடரும் முடியாது. சொன்ன அளவு தன் காலில் நிற்குமானால் அதுவே முற்று.

எளிய இந்த உண்மை, இலக்கணத்திற்கு மிகத் தொலைவில் உள்ள ஒரு துறையிலும் பயன் தருகிறது. கணினிக்கு மென்பொருள் ஆக்குவோர் நாள்தோறும் எதிர்கொண்டு, விடை காணாமல் தடுமாறும் வினா ஒன்று உண்டு. 'இந்தப் பணி முடிந்துவிட்டதா?' என்பதே அது. வீடு கட்டுவோர்க்குப் புதுமனை புகும் நாள் உண்டு. பாலம் கட்டுவோர்க்கு அதன்மேல் முதல் வண்டி ஓடும் நாள் உண்டு. கல்லும் இரும்பும் ஒரு நிலைக்குமேல் கைவைக்க விடுவதில்லை. மென்பொருளோ எழுத்துகளால் மட்டும் ஆனது. எழுதியவர் நினைத்தால் நள்ளிரவிலும் ஒரு வரியை மாற்றலாம். மாற்றியதை மறுநாளே உலகெங்கும் அனுப்பலாம். பொருள் தடுக்காத இடத்தில் மனிதரே தம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாறு தடுத்துக்கொள்ளும் துணிவு எப்போது முறையாகும், எப்போது தவறாகும் என்பது ஆராயத்தக்கது.

முடிவுபோல் தோன்றும் மூன்று

பணி முடிந்ததற்கு அடையாளமாகப் பலரும் கொள்ளுவன மூன்று. குறித்த நாள் வந்துவிட்டது என்பது முதலாவது. ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்பது இரண்டாவது. சோதித்துப் பார்த்ததில் பிழை ஒன்றும் அகப்படவில்லை என்பது மூன்றாவது. முதலிரண்டும் பணியை நிறுத்துவதற்குக் காரணமாகலாம், முடித்ததற்குச் சான்றாகா. தேர்வு மணி அடித்ததும் மாணவன் எழுதுகோலைக் கீழே வைக்கிறான். அதனால் அவன் கட்டுரை நிறைவு பெற்றதென்று யாரும் சொல்லுவதில்லை.

மூன்றாவது அடையாளம் வலிமை மிக்கதாகத் தோன்றும். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. நெதர்லாந்து நாட்டுக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969ஆம் ஆண்டில் உரோம் நகர மாநாடொன்றில் அதனைச் சுட்டினார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும். பிழை இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது என்பது அவர் கருத்து. இரண்டு எண்களைக் கூட்டும் மிகச் சிறிய நிரலையே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் எண்ணும் 32 இரும இலக்கம் உடையது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு நூறு கோடி இணைகள் வீதம் சோதித்தாலும் எல்லா இணைகளையும் பார்த்து முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூட்டலின் நிலையே இதுவானால், நூற்றுக்கணக்கான கட்டளைகளை உடைய பெரிய நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே நாளும் பணமும் சோதனையும் முடிவைத் தாமாகக் காட்டித் தருவதில்லை. முடிவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் பொறுப்பேற்றுத் தீர்மானித்தே ஆக வேண்டும்.

முடியக்கூடியவையும் முடியாதவையும்

எல்லா நிரல்களையும் அவ்வாறு முடித்துவிடலாமா என்னும் ஐயம் இங்கே எழும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றிய மெயிர் லேமன் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றில் நிரல்களை மூன்று வகையாகப் பகுத்தார். அவற்றுள் இரு முனைகளில் நிற்பவற்றை அறிந்தால் ஐயம் தெளியும்.

ஒரு முனையில் நிற்பவை, செய்ய வேண்டியது இன்னதென்று முழுமையாக வரையறுக்கப்பட்ட நிரல்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டு சொல்லும் நிரல் அத்தகையது. 12, 18 ஆகிய எண்களுக்கு விடை 6. இவ்விடை ஆட்சி மாறினாலும் நூற்றாண்டு மாறினாலும் மாறாது. வரையறைக்கு ஏற்ப நிரல் அமைந்துவிட்டால் பணி முடிந்தது.

மறுமுனையில் நிற்பவை, மக்கள் வாழ்வின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட நிரல்கள். கடைக் கணக்கு, ஊதியப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு முதலியன இவ்வகை. சுற்றியுள்ள உலகம் மாறும்தோறும் இவையும் மாற வேண்டும். மாறாவிட்டால் நாளடைவில் பயன் குன்றும் என்பது லேமன் கண்ட விதி. மலேசிய வணிகர்கள் இதனை நேரில் அறிந்தவர்கள். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அவ்வரி சுழியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் வந்தன. 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் சேவை வரி பல இனங்களுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தது. மே 31ஆம் நாள் இரவு வரை பிழையின்றி இரசீது அச்சிட்ட நிரல், ஓர் எழுத்தும் மாறாமலேயே ஜூன் 1ஆம் நாள் காலையில் பிழையுள்ளதாகிவிட்டது. பழுது நிரலில் தோன்றவில்லை. நிரல் நின்ற நிலம் நகர்ந்துவிட்டது.

இதனால் ஒன்று பெறப்படும். ஒரு மென்பொருளை முடிக்க விரும்புவோர், நகரும் நிலத்திற்கும் தம் பணிக்கும் இடையே முதலில் எல்லை வகுக்க வேண்டும். எல்லை வகுக்காமல் முடிவு கூறுவது, எச்சத்தின் பின் முற்றுப்புள்ளி வைப்பது போன்றது. எல்லை வகுத்து, முடித்து, முடித்ததை வெளிப்படையாக அறிவித்துப் பல்லாண்டு காத்தும் வந்த மென்பொருள் ஒன்று உண்டு. அதன் வரலாறு கற்கத்தக்கது.

அச்சுப்படி தந்த ஏமாற்றம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், கணினி நிரலாக்கக் கலையைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை 1962ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவை ஈய எழுத்துகளால் பழைய முறையில் அழகுறக் கோக்கப்பட்டவை. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்பு 1977ஆம் ஆண்டில் அச்சுக்குச் சென்றபோது, ஈய எழுத்து முறை மறைந்து ஒளியச்சு முறை வந்திருந்தது. மெய்ப்புத் தாள்கள் கைக்கு வந்ததும் குனூத் மனம் வருந்தினார். கணிதக் குறியீடுகளும் எழுத்துகளும் பழைய அழகை இழந்திருந்தன.

அச்சுப் பக்கம் என்பது மைபட்ட புள்ளியும் படாத புள்ளியும் சேர்ந்த ஒரு கோலமே என்றால், எந்தப் புள்ளியில் மை பட வேண்டும் என்று சொல்லும் வேலை கணினிக்கு உரியது என்று அவர் கருதினார். புத்தகப் பணியை நிறுத்திவைத்து, பக்கம் அமைக்கும் நிரல் ஒன்றை வகுத்தார். அதற்கு 'டெக்' என்று பெயரிட்டார். கலையையும் தொழில்நுட்பத்தையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளிலிருந்து வந்தது அப்பெயர். எழுத்துருக்களை வரைவதற்கு 'மெட்டாஃபான்ட்' என்னும் துணை நிரலையும் ஆக்கினார். 1978ஆம் ஆண்டின் ஆய்வு விடுப்புக்குள் வேலை முடிந்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. முடிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

பிழைகளின் நாட்குறிப்பு

அந்த ஆண்டுகளில் அவர் செய்தவற்றுள் ஆசிரியர்கள் பெரிதும் போற்றத்தக்கது ஒன்று உண்டு. 1978 முதல் தாம் திருத்திய ஒவ்வொரு பிழையையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாகப் பதிந்துவந்தார். 1989ஆம் ஆண்டில் அப்பட்டியலை முழுமையாக வெளியிட்டார். அதில் 850க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அவற்றைப் பதினைந்து வகையாகவும் பிரித்துக் காட்டினார். வழிமுறையே தவறியது, நினைவு தப்பி விட்டுப்போனது, நிரலின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாதது, எதிர்பாராத சூழலில் சறுக்கியது, வெறும் எழுத்துப் பிழை என்றவாறு அவ்வகைகள் செல்லும். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவர் தம் தவறுகளைத் தாமே எண்ணி, வகைப்படுத்தி, பிறர் கற்கும்பொருட்டு அச்சிட்டார் என்பது சிறிய செய்தியன்று.

பிறர் கண்ட பிழைக்குப் பரிசும் வைத்தார். முதலில் அது 2 டாலர் 56 காசு. கணினியாளர் விரும்பும் பதினாறின் இருமடியாகிய 256 காசு என்பது அதன் நயம். டெக் நிரலில் பிழை காண்போர்க்குரிய தொகையை ஆண்டுதோறும் இரட்டித்து, 327 டாலர் 68 காசில் நிறுத்தினார். பரிசுக் காசோலை பெற்றவர்களுள் பலர் அதனை மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். ஊக்கமளிப்பதற்கு மேலாக, இப்பரிசு ஓர் அளவுகோலாகவும் பயன்பட்டது. பணம் கிடைக்கும் என்று தெரிந்தும், பல்லாயிரவர் நாள்தோறும் பயன்படுத்தியும், புதிய பிழை வருவது அரிதாகிக்கொண்டே போனால், முடிவு நெருங்கிவிட்டது என்று துணியலாம். சில நாள் செய்த சோதனையைக் காட்டிலும் பல்லாண்டுகளாகத் தேய்ந்துவரும் பிழை வரத்து நம்பத்தக்கது.

எல்லை வகுத்த முறை

பிழை குறைந்தமை மட்டும் போதாது என்று மேலே கூறப்பட்டது. நகரும் நிலத்திலிருந்து டெக் எவ்வாறு விலகி நின்றது என்பதே அதன் உயிர்நாடி.

அச்சுப்பொறிகள் ஆண்டுதோறும் மாறுவன. ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ப டெக்கை மாற்றிக்கொண்டிருந்தால் அது முடியவே முடியாது. ஆகையால் டெக் எந்தப் பொறியோடும் நேரே பேசுவதில்லை. எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும், பொறி எதனையும் சாராத ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதனைப் படித்து இன்ன பொறியில் அச்சிடுவது வேறு சிறு நிரல்களின் கடமை. பொறி மாறினால் அச்சிறு நிரல் மாறும், டெக் மாறாது.

கணினிகளும் மாறுவன. பின்னங்களைக் கணக்கிடுவதில் ஒரு கணினிக்கும் மற்றொன்றுக்கும் நுண்ணிய வேறுபாடு நேரும். ஒரு வரியின் நீளத்தில் நேரும் மயிரிழை வேறுபாடு ஒரு சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளும். அதனால் பத்தியும், பத்தியால் பக்கமும் மாறிவிடும். இதனைத் தவிர்க்க, அச்சுப் புள்ளி என்னும் அளவை 65,536 கூறாக்கி, நீளங்களை எல்லாம் அக்கூறுகளின் முழு எண்ணிக்கையாகவே குனூத் கணக்கிடச் செய்தார். வரி எங்கே முறியும் என்னும் முடிவு எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே அமைந்தது.

இவ்விரண்டாலும் டெக் தரும் வாக்குறுதி ஒரே தொடரில் அடங்கிற்று. ஒரே மூலப்படியைக் கொடுத்தால், எந்தக் கணினியிலும் எந்த ஆண்டிலும் அதே வரிகளும் அதே பக்கங்களும் கிடைக்கும். வாக்குறுதி காக்கப்படுகிறதா என்று சரிபார்க்க, நிரலின் மூலைமுடுக்குகளை எல்லாம் வலிந்து துழாவும் சோதனைக் கோப்பு ஒன்றையும் எழுதினார். அதனை எழுத்துப் பிசகாமல் தேறிய நிரலே டெக் என்னும் பெயர் தாங்கலாம் என்று விதித்தார். நிரலின் முழு மூலத்தையும் விளக்கத்தோடு 1986ஆம் ஆண்டில் நூலாகவே அச்சிட்டார்.

முடிவுக்கு முன் திறந்த கதவு

ஆயினும் அவர் அவசரப்பட்டுக் கதவை மூடிவிடவில்லை. 1989ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் கூடிய டெக் பயனர் மாநாட்டில் ஐரோப்பியர் சிலர் ஒரு குறையை எடுத்துரைத்தனர். டெக் அப்போது 128 எழுத்துக் குறிகளையே உள்ளீடாக ஏற்றது. ஆங்கிலத்திற்கு அது போதும். எழுத்தின் தலையிலும் அடியிலும் குறியிடும் மொழிகளுக்கு அது போதவில்லை. சொற்களை வரி இறுதியில் முறிக்கும் விதியும் ஒரு நேரத்தில் ஒரு மொழிக்கே இருந்தது. அவர்கள் கூறியது நியாயமே என்று குனூத் ஒப்புக்கொண்டார். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த 3ஆம் பதிப்பில் 256 குறிகளும் பல மொழிகளின் முறிப்பு விதிகளும் இடம்பெற்றன.

'முடிந்துவிட்டது' என்று சொல்லப் போகிறவர், அவ்வாறு சொல்லுவதால் வெளியே நின்றுவிடக் கூடியவர் யார் என்று கேட்டறிவது கடமை. தமக்கு முன் அமர்ந்திருக்கும் மாணவர்க்குப் புரிந்துவிட்டது என்பதனால் கடைசி வரிசை மாணவர்க்கும் புரிந்துவிட்டதென்று நல்லாசிரியர் கொள்ளுவதில்லை.

அதே 1990ஆம் ஆண்டின் இறுதியில் குனூத் தம் முடிவை எழுத்தில் வெளியிட்டார். டெக், மெட்டாஃபான்ட் ஆகியவற்றின் ஆக்கப்பணி முடிந்தது; மிகக் கடுமையான பிழை இருந்தாலன்றி இனி மாற்றம் இல்லை என்பது அதன் சாரம். இன்னும் மேம்படுத்த இடம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. மேம்பாடு எத்துணை நன்மை தரினும், மாறாமையும் ஒரு நன்மையே என்பது அவர் கொள்கை. கணித ஏடொன்றின் ஆசிரியர், முன்னர் அச்சிட்ட கட்டுரையை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் அச்சிட வேண்டுமானால், சமன்பாடுகள் சிதறிப் போகாமல் அதே வடிவில் வர வேண்டும். அறிவைச் சேமித்துவைக்கும் கருவி ஆண்டுதோறும் உருமாறினால், சேமித்த அறிவே திறக்க முடியாத பெட்டியில் அடைபட்டுவிடும்.

வழுவும் வழுவமைதியும்

முடிவுக்குப் பின் வரும் திருத்தங்களுக்கு அவர் இட்ட எண் வரிசை வியப்புக்குரியது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமாகிய பை என்னும் எண்ணை நோக்கிப் பதிப்பெண்கள் செல்லுகின்றன. 3க்குப் பின் 3.1, அதன் பின் 3.14, பின்னர் 3.141 என ஒவ்வொரு திருத்தத்திற்கும் ஓர் இலக்கம் சேரும். 2008ஆம் ஆண்டில் 3.1415926, 2014ஆம் ஆண்டில் 3.14159265, 2021ஆம் ஆண்டில் 3.141592653 என்னும் பதிப்புகள் வந்தன. திருத்தங்களுக்கு இடையில் ஆறும் ஏழுமாக ஆண்டுகள் கழிந்தன. எண்ணும் ஒவ்வொரு முறையும் முன்னிலும் சிறிய அளவே நகர்கிறது. முழுமையை நெருங்கலாம், தொட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

தம் மறைவுக்குப் பின் பதிப்பெண்ணைப் பை என்றே மாற்றிவிட வேண்டும் என்றும், அந்நாளில் எஞ்சியிருக்கும் பிழைகள் எல்லாம் நிரலின் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும் குனூத் அறிவித்திருக்கிறார். முதலில் கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். தமிழ் இலக்கணம் கற்றவர்க்கோ இது புதுமையன்று. நம் இலக்கணம் வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்னும் மூன்றாவதையும் வகுத்திருக்கிறது. வழுவே ஆயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசு வீடு திரும்புவதைக் கண்டு 'என் அம்மா வந்துவிட்டாள்' என்று மகிழ்ந்து கூறுவது திணை வழுவாயினும், உவகை என்னும் காரணம் அதனை அமைதியாக்குகிறது. டெக்கில் எஞ்சும் சிறு வழுவுக்கும் காரணம் உண்டு. அவ்வழு இருந்தவாறே பல்லாயிரம் நூல்கள் கோக்கப்பட்டுவிட்டன. திருத்தினால் புதியவர் ஒருவர்க்கு நன்மை விளையலாம். பழைய நூல்களின் பக்கங்கள் கலையலாம். அந்நிலையில் வழுவை அமைதியாக ஏற்பதே முறை.

ஆனால் காரணம் கூறாமல் பிழையை மறைப்பது வழுவமைதி ஆகாது. குனூத் எஞ்சிய பிழைகளை மறைக்கவில்லை. முன்னரே பட்டியலிட்டு, விலை கொடுத்துத் தேடி, அதன் பின்பே அமைதி கூறினார் என்பதை மறத்தலாகாது.

முற்றெச்சம்

முடித்துவிட்ட கருவி வளரும் உலகிற்கு எவ்வாறு பயன்படும் என்று கேட்கலாம். இவ்வினா தமிழருக்கும் நேரே உரியது. உலக எழுத்துகள் பலவற்றிற்கும் குறியெண் அளிக்கும் யூனிகோட் முறையின் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டில் வந்தது. தமிழெழுத்துகளும் அதில் இடம்பெற்றன. டெக்கின் முடிவோ அதற்கு முந்திய ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. 256 குறிகளுக்குள் அந்தப் பெரிய தொகுதி அடங்காது.

இதற்கும் குனூத் வழி விட்டிருந்தார். நிரலின் மூலத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வேறொன்றை ஆக்கலாம்; ஆனால் அதற்கு வேறு பெயர் இட வேண்டும் என்பது அவர் விதி. அதன்படி ஜோனதன் கியூ என்பவர் 2004ஆம் ஆண்டில் 'ஸீடெக்' என்னும் நிரலை வெளியிட்டார். அஃது யூனிகோட் எழுத்துகளை நேரே ஏற்கும். தமிழில் தட்டெழுதிய கணித நூலொன்றை அதன் வாயிலாகச் செம்மையாகக் கோக்கலாம். டெக்கின்மேல் கட்டளைத் தொகுப்பாக லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்த 'லேடெக்' என்பதும் இன்றளவும் வளர்ந்துவருகிறது. வளர்ச்சி நிற்கவில்லை, அது வேறு பெயரில், வேறு பொறுப்பில் நடைபெறுகிறது. மூலமாகிய டெக் நிலைபெயராமல் இருப்பதால்தான் அதன்மேல் பிறர் நம்பிக் கட்ட முடிகிறது.

இலக்கணத்தில் முற்றெச்சம் என்பது ஒன்றுண்டு. 'எழுந்தனன் பேசினான்' என்னுமிடத்தில் 'எழுந்தனன்' வடிவால் முற்று. பொருளால் 'எழுந்து' என எச்சமாகி அடுத்த வினையைத் தழுவுகிறது. டெக்கின் நிலையும் அதுவே. தன்னளவில் முற்று, பிறர் பணிக்கு எச்சம்.

இடம் மாறினால் முற்றும் எச்சமாம்

முற்றை வேறிடத்தில் வைக்கும்போது விழிப்பு வேண்டும். அதற்குச் சான்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தி. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறை எழுந்த அது, நாற்பது நொடிகளுக்குள் வழி பிறழ்ந்து வானிலேயே சிதறியது. அறிவியல் ஆய்வுக்கென ஏற்றிச் சென்ற நான்கு செயற்கைக்கோள்களும் அதனோடு அழிந்தன.

விசாரணையில் தெரிந்த காரணம் வருமாறு. ஊர்தியின் நிலையை அளந்து சொல்லும் கருவியும் அதன் நிரலும் முந்திய ஏரியன் 4 ஊர்தியிலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே அவை செம்மையாக உழைத்தவை. அந்நிரல், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை 16 இரும இலக்கத்துள் அடங்கும் எண்ணாக மாற்றியது. அத்தகைய எண் 32,767க்கு மேல் செல்லாது. ஏரியன் 4 சென்ற பாதையில் அந்த அளவு எல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை. ஏரியன் 5 பாதை வேறு, வேகமும் மிகுதி. எண் எல்லை கடந்தது. முதற்கருவியும் துணைக்கருவியும் ஒரே நிரலைக் கொண்டிருந்ததால் இரண்டும் செயலிழந்தன. அந்தக் கணக்கு ஏரியன் 5 தரையைவிட்டு எழுந்தபின் எதற்கும் தேவையில்லாதது என்பது மேலும் வருந்தத்தக்கது. புதிய பாதையின் அளவுகளைக் கொடுத்து அக்கருவியை முன்கூட்டியே சோதித்திருக்கவும் இல்லை.

முடிவு என்பது இன்ன இடத்திற்கு, இன்ன எல்லைக்குள் என்னும் வரையறையோடு கூடியது. வரையறையைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் எடுத்துச் சென்றதால் விளைந்தது இந்த இழப்பு.

துணிவதற்கு முன் கேட்கத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால், பணி முடிந்ததெனத் துணிவோர் முன்னதாகத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு என்பது விளங்கும். இந்த நிரல் தரும் வாக்குறுதியை ஒரே தொடரில் சொல்ல முடியுமா? அவ்வாக்குறுதியை மாறும் உலகிலிருந்து பிரிக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளதா? எஞ்சிய பிழைகளைத் தேடிப் பதிந்து, இருக்க விடுவதற்குக் காரணம் கூற முடியுமா? முடித்தபின் பிறர் தொடர்வதற்கு வழி திறந்திருக்கிறதா? நான்கிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்தால் முற்று என்று கூறலாம்.

கடைக் கணக்கு நிரல் போன்றவற்றிற்கு இரண்டாம் வினாவிலேயே 'இல்லை' என்னும் விடை வந்துவிடும். அதில் குற்றமில்லை. எச்சம் என்பது பிழையான சொல்லன்று. பின்வரும் சொல்லை வேண்டி நிற்கும் சொல். அத்தகைய நிரலை வாங்குவோரும் விற்போரும், அதனைப் பேணுவதற்கு ஆளும் பொருளும் ஆண்டுதோறும் வேண்டும் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளுதல் நன்று. எச்சத்தை முற்றென்று கூறி விற்றுவிட்டுப் பின்னர் கைவிரிப்பதே குற்றம்.

குனூத்தின் முடிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. பக்கம் அமைக்கும் நிரலுக்காக அவர் நிறுத்திவைத்தது தம் வாழ்நாள் நூலை. 1990ஆம் ஆண்டு தொடக்கத்தில் மின்னஞ்சலையும் துறந்து, டெக்கையும் முடித்து அந்நூலுக்குத் திரும்பினார். நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011ஆம் ஆண்டிலும் இரண்டாம் பகுதி 2022ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஏழு தொகுதிகளாக அவர் திட்டமிட்ட அந்நூல் அப்போதும் நிறைவுறவில்லை. நூல் எச்சமாக நிற்க, அதனை அழகாக அச்சிடுவதற்கென்று பிறந்த கருவி முற்றாயிற்று. கருவியை முடிக்கத் துணிந்திராவிட்டால் அவ்விரு பகுதிகளும் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஒன்றை முடிக்கத் தெரிந்தவர்க்கே மற்றொன்றைத் தொடர்வதற்குக் கை ஒழிகிறது.